சினிமா கேமரா கார்டுக்கு ரீடர் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

படப்பிடிப்பு முடிந்து பேக்கப் சொல்லி, லைட் வண்டி கிளம்பி, எல்லோரும் ரூமுக்குப் போன பிறகும் ஒரு ஆள் மட்டும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பார். கேமரா அசிஸ்டென்ட் கடைசியாகக் கழற்றிக் கொடுத்த கார்டில் இருக்கும் காட்சிகள் காப்பி எடுக்கும் இரண்டு டிரைவிலும் ஒழுங்காக இறங்கிவிட்டது என்று உறுதியாகும்வரை அவரால் எழுந்து போக முடியாது. அந்த நாற்காலியில் நிறைய இரவுகள் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், கார்டை லேப்டாப்போடு இணைக்கும் கார்டு ரீடர் கடைசி நேரத்தில் "ஏதாவது ஒன்று கொடுங்க" என்று வாங்குகிற பொருள் இல்லை. ஒரு நாள் முழுக்க இத்தனை பேர் உழைத்தது அந்த உள்ளங்கை அளவு பெட்டி வழியாகத்தான் வெளியே வருகிறது.

அதற்காக விலை கூடியதை வாங்கினால் வேகம் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுத் தொட்டியிலிருந்து இரண்டு அங்குல பைப் போட்டுக் கொண்டுவந்து கடைசியில் அரை அங்குலக் குழாய் மாட்டினால் பக்கெட் எப்போது நிறையும்? அதே கதைதான் இங்கேயும். கார்டு, ரீடர், கேபிள், லேப்டாப்பின் போர்ட், கடைசியில் காப்பி போய்ச் சேரும் டிரைவ், இந்த ஐந்தில் எது மெதுவோ அதுதான் உங்கள் வேகம். யாராவது என்னிடம் "எந்த ரீடர் வாங்கலாம்" என்று கேட்டால் நான் பிராண்ட் பெயர் சொல்வதற்கு முன்னால் எந்த கேமரா, என்ன கார்டு, எதில் காப்பி எடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 512 ஜிபி கார்டு ஒன்று முழுக்க நிரம்பி வருகிறது. யுஎஸ்பி 2.0 வழியில் நடைமுறையில் நொடிக்கு 40 எம்பி போலக் கிடைக்கும், அப்படியென்றால் மூன்றரை மணி நேரம். 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட்) ரீடரில் நொடிக்கு 400 எம்பி என்று வைத்தால் 21 நிமிடம். 10 ஜிபிபிஎஸ் ரீடரில் 900 எம்பி வந்தால் பத்து நிமிடத்துக்குள். அதைவிட வேகமான யுஎஸ்பி4 ரீடரில் 1500 எம்பி வந்தால் ஆறு நிமிடம்கூட ஆகாது. இதைப் படித்ததும் நேராகக் கடைசி ரகத்தை வாங்கத் தோன்றும், பொறுங்கள். காப்பி போவது 130 எம்பி வேகத்தில் எழுதும் சின்ன போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் என்றால் அதே கார்டு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ரீடர் என்ன விலையாக இருந்தாலும் சரி. காப்பி சரியாக இருக்கிறதா என்று அந்த ஹார்ட் டிஸ்க்கை மறுபடி படித்துச் சரிபார்க்க இன்னொரு மணி நேரம். ஆகவே கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் நல்ல எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவ், வாங்குங்கள், ரீடர் அதற்கு அப்புறம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் தடுக்கி விழுகிற இடம் இது. ரீடர் பெட்டியில் 10 ஜிபிபிஎஸ் என்று இருப்பது கிகாபிட். கார்டின் மேல் இருப்பது மெகாபைட். பிட்டை எட்டால் வகுத்தால்தான் பைட் வரும், அதிலும் கொஞ்சம் வழிச்செலவு போய்விடும். 10 என்றால் ஏறக்குறைய 1000 எம்பிக்குள், 5 என்றால் 400 முதல் 450 எம்பி என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். அதேபோல எஸ்டி கார்டில் இருக்கும் வி30, வி60, வி90 எல்லாம் கேமரா எழுதும்போது நொடிக்கு 30, 60, 90 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உத்தரவாதம். சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு வகை கார்டில் இருக்கும் விபிஜி 200, விபிஜி 400 என்பதும் அப்படித்தான். அவை கேமராவுக்கான எண்கள். ரீடர் வாங்கும்போது பார்க்க வேண்டியது கார்டின் படிக்கும் வேகம், அதாவது பெரும்பாலும் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் எண்.

எஸ்டி கார்டா?

கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தங்க நிறப் பட்டைகள் ஒரே வரிசையாக இருந்தால் அது யுஎச்எஸ்-1. அதற்குக் கீழே குட்டிக் குட்டியாக இன்னொரு வரிசை இருந்தால் யுஎச்எஸ்-2. முதல் வகையின் உச்ச வேகம் நொடிக்கு 104 எம்பி, இரண்டாவது வகைக்கு 312 எம்பி. இரண்டு வரிசை கார்டை ஒரு வரிசை மட்டும் தொடும் ரீடரில் போட்டால் கார்டு வேலை செய்யும், எல்லா ஃபைலும் தெரியும், ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு பிழைச் செய்தியும் வராது என்பதால் வருடக்கணக்காக இப்படியே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வி90 கார்டுக்கு அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு லேப்டாப்போடு வந்த பழைய ஸ்லாட்டில் செருகிக்கொண்டிருப்பார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ யுஎச்எஸ்-1 கார்டுகளில் 170, 200 எம்பி என்று போட்டிருக்கும். யுஎச்எஸ்-1க்கு 104தானே உச்சம், இது எப்படி என்று கேட்டால், அந்த நிறுவனம் தன் சொந்த முறை ஒன்றை வைத்திருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளும் ரீடரில் மட்டும்தான் அந்த வேகம் வரும். மற்ற ரீடரில் போட்டால் 90, 95 எம்பியோடு நின்றுவிடும். யுஎச்எஸ்-2 ரீடர்தானே, எல்லாவற்றையும் வேகமாகப் படிக்கும் என்று நினைத்துச் செருகினாலும் கதை மாறாது. கார்டு பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சிஎஃபாஸ்ட்

ஆரி அலெக்ஸா மினி, ரெட் கொமோடோ, கேனான் சி200, பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே, 6கே எல்லாம் சிஎஃபாஸ்ட் 2.0 எழுதும் கேமராக்கள். இது உள்ளுக்குள் சாட்டா, அதாவது ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கும் அதே இணைப்பு முறை என்பதால் 600 எம்பிக்கு மேல் போக வழியே இல்லை. 10 ஜிபிபிஎஸ் ரீடர் ஒன்று போதும், தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு உள்ள ரீடருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். கவனிக்க வேண்டியது வேறு. பழைய காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் இதுவும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி ஒரே அளவில் இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று சேராது. பழைய ரீடரின் வாயைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஊசி ஊசியாக ஐம்பது பின் நிற்பது தெரியும், சிஎஃபாஸ்ட் ரீடரில் அந்த ஊசிகள் இருக்காது. அவசரத்தில், அதுவும் இருட்டில், மாற்றி அழுத்தினால் பின் வளைந்து ரீடர் போய்விடும். இரண்டு வகை ரீடரும் பையில் இருந்தால் பழையதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சிஎஃப்எக்ஸ்பிரஸ்

இங்கேதான் ரீடர் தேர்வு உண்மையிலேயே வித்தியாசம் காட்டும். டைப் ஏ சின்னது, சோனி எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்6, ஏ7எஸ் 3 ஆகியவற்றில் போவது. டைப் பி பெரியது, ரெட் வி-ராப்டர், கேனான் சி500 மார்க் 2, சோனி புரானோ, நிக்கான் இசட்9 போன்றவற்றுக்கு. ஒன்றின் ரீடரில் மற்றது போகாது. இரண்டுமே உள்ளுக்குள் லேப்டாப்பில் இருக்கும் என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி மாதிரிதான்.

டைப் ஏ கார்டின் பழைய தலைமுறைக்கு உச்சம் நொடிக்கு 1000 எம்பி, டைப் பி-க்கு 2000. 2023 ஆகஸ்டில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் 4.0 அறிவித்தார்கள், அதில் இரண்டுமே இரட்டிப்பானது. 4.0 கார்டு பழைய கேமராவிலும் ஓடும், கேமரா தன் பழைய வேகத்திலேயே எழுதும், ஆனால் யுஎஸ்பி4 ரீடரில் போட்டு இறக்கும்போது புது வேகம் கிடைக்கும். தினமும் இரண்டு மூன்று டெராபைட் இறக்குகிறவர்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே 4.0 கார்டும் அதற்கேற்ற ரீடரும் பணம் கொடுத்து வாங்கலாம். கல்யாண வீடியோ, குறும்படம் என்று எஃப்எக்ஸ்3-இல் எடுக்கிறவருக்கு அது தேவையே இல்லை. 4கே 25 ஃபிரேமில் ஆல்-இன்ட்ரா (ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் முறை) எடுத்தால் நொடிக்கு 250 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 112 ஜிபி வரும். 10 ஜிபிபிஎஸ் டைப் ஏ ரீடர் அதை இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிடும். எஸ்டி கார்டையும் சேர்த்துப் படிக்கும் ரீடராக எடுத்தால் இன்னும் நல்லது, இந்த கேமராக்களின் ஸ்லாட்டே இரண்டையும் ஏற்கும் என்பதால் செட்டில் இரண்டும் கலந்துதான் வரும். அதே 4கே 25 ஃபிரேமை ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்ற பெரிய ஃபைல் ஃபார்மட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 330 ஜிபி, அப்போது கணக்கே வேறு.

சிஎஃப்எக்ஸ்பிரஸுக்கு முன்னால் வந்த எக்ஸ்க்யூடி கார்டு வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். டைப் பி-யும் எக்ஸ்க்யூடியும் ஒரே உருவம், ஒரே ஓட்டையில் போகும், ஆனால் பேசும் மொழி வேறு. பெரும்பாலான டைப் பி ரீடர்கள் எக்ஸ்க்யூடியைப் படிக்காது. இரண்டையும் படிக்கும் என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஆரி அலெக்ஸா 35, மினி எல்எஃப் எல்லாம் கோடெக்ஸ் காம்பாக்ட் டிரைவில் எழுதுபவை, சோனி வெனிஸின் ஏஎக்ஸ்எஸ் கார்டு, ரெட்டின் மினி-மேக் இவற்றுக்கெல்லாம் அவற்றுக்கென்றே செய்த ரீடர்தான். கேமராவை வாடகைக்கு எடுக்கும்போதே ரீடரும் அதன் கேபிளும் பெட்டியில் இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

போர்ட்டும் கேபிளும்

டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும்தான், வேகம் இல்லை. ஒரே வடிவத்துக்குள் 480 எம்பிபிஎஸ்ஸும் இருக்கும், 40 ஜிபிபிஎஸ்ஸும் இருக்கும். 20 ஜிபிபிஎஸ் என்று போட்டு விற்கும் ரீடர்கள் இருக்கின்றன, ஜென் 2x2 என்று சொல்வார்கள். ஆப்பிளின் எம்1, எம்2 சிப் உள்ள மேக்கில் அது 10-க்கு இறங்கிவிடும், அந்தக் கூடுதல் விலைக்குப் பலன் இல்லை. நிறைய விண்டோஸ் லேப்டாப்பிலும் அந்த போர்ட் கிடையாது. யுஎஸ்பி4 ரீடரைப் பொதுவாகச் சாதாரண போர்ட்டில் செருகினாலும் வேகம் குறைந்தாவது ஓடும். பழைய தண்டர்போல்ட் 3 ரீடர்கள் சில அப்படி இல்லை, தண்டர்போல்ட் போர்ட் இல்லாத லேப்டாப்பில் உயிரே வராது. நாளைக்கு எடிட்டர் கையில் கொடுக்கப்போகும் ரீடர் என்றால் அவர் லேப்டாப்பையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேபிள்தான் என் அனுபவத்தில் முக்கால்வாசி "ரீடர் ஸ்லோ" புகாருக்குக் காரணம். ரீடரோடு வந்த குட்டை கேபிள் எங்கேயோ தொலைந்திருக்கும், ஃபோன் சார்ஜர் கேபிளை எடுத்து மாட்டியிருப்பார்கள். மேக்புக் சார்ஜரோடு வரும் கேபிள், ஐஃபோன் 15 பெட்டியில் வந்த கேபிள் எல்லாமே டேட்டாவுக்கு யுஎஸ்பி 2.0 தான். மேலே சொன்ன மூன்றரை மணி நேரம் இப்படித்தான் வரும். சந்தேகம் வந்தால் மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போங்கள், யுஎஸ்பி பகுதியில் உங்கள் ரீடரின் பெயருக்கு நேராக இப்போது எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று எழுதியிருக்கும். 10 ஜிபிபிஎஸ் என்று வர வேண்டிய இடத்தில் 480 எம்பிபிஎஸ் என்று இருந்தால் கேபிளை மாற்றுங்கள். நீளமான கேபிளும் வேண்டாம். அரை மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி.

ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் ஹப் விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஒரு விளம்பரப் படப்பிடிப்பு, வெளியூர், லேப்டாப்பில் இரண்டே போர்ட். தனியாக மின்சாரம் எடுக்காத ஒரு சின்ன ஹப்பில் ரீடரையும் இரண்டு எஸ்எஸ்டியையும் சேர்த்து மாட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். மூன்றும் ஒரே வழியைப் பங்கு போடுவதால் வேகம் குறைவது ஒரு பக்கம், அது தெரிந்ததுதான். பாதியில் கார்டு ஒரு நொடி விட்டுத் திரும்ப வந்தது. காப்பி முடிந்த மாதிரியே தெரிந்தது. ஃபோல்டரில் கிளிப் எண்ணிக்கை சரி, திறந்தால் படம் ஓடுகிறது. சரிபார்ப்பில் இரண்டு கிளிப் மட்டும் சிவப்பாக நின்றது. அதில் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், முதல் நாற்பது நொடி அருமையாக ஓடி அப்புறம் பச்சைக் கட்டம் கட்டமாக உடைந்தது. கார்டு இன்னும் கையில் இருந்தது, ரீடரை நேரடியாக லேப்டாப்பில் மாட்டி மறுபடி இறக்கினேன், முழுசாக வந்தது. கார்டை அதற்குள் கேமராவுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்கும். அன்றிலிருந்து ரீடர் எப்போதும் நேரடியாக லேப்டாப்பில்தான். ஹப் தவிர்க்க முடியாது என்றால் தனி அடாப்டர் உள்ள ஹப், அதிலும் ரீடர் தனிப் போர்ட்டில்.

அதனால் சரிபார்ப்பு இல்லாத காப்பியை நான் காப்பி என்றே கணக்கில் வைப்பதில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே மீடியா பக்கத்தில், சரிபார்த்துக் காப்பி எடுக்கும் குளோன் டூல் இருக்கிறது, ஆரம்பத்துக்கு அது போதும். சில்வர்ஸ்டாக், ஷாட்புட் ப்ரோ, ஆஃப்ஷூட் எல்லாம் காசு கொடுத்து வாங்குபவை, தொழிலாகச் செய்கிறவர்களுக்கு அந்தக் காசு தகும், ஏனென்றால் கார்டை ஒரே தடவை படித்து இரண்டு மூன்று டிரைவுக்கு ஒரே நேரத்தில் எழுதும். மேக்கின் ஃபைண்டரில் இழுத்துப் போட்டு இரண்டு காப்பி எடுத்தால் கார்டை இரண்டு தடவை படிக்க வேண்டும். செக்சம் (காப்பியும் மூலமும் ஒன்றா என்று ஒப்பிட ஃபைலிலிருந்து கணக்கிடும் எண்) வகை கேட்டால் எக்ஸ்எக்ஸ்ஹாஷ் தேர்ந்தெடுங்கள். வேகமான ரீடர் வாங்கிவிட்டு எம்டி5 வைத்தால் சில லேப்டாப்பில் கணக்குப் போடும் வேலையே தடையாகிவிடும்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு முழு வேகத்தில் படிக்கும்போது நன்றாகச் சுடும். சூடு ஏறினால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதனால் உலோக உடம்பு உள்ள ரீடராகப் பாருங்கள், கொஞ்சம் கனமாக இருந்தால் நல்லதுதான். காப்பி ஓடும்போது ரீடரைத் துணி மேலோ லேப்டாப்பின் சூடான பக்கத்திலோ வைக்காதீர்கள். முடிந்ததும் கார்டை எஜெக்ட் கொடுத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு எடுங்கள்.

கேபிள் ரீடரிலேயே நிரந்தரமாக ஒட்டியிருக்கும் மாடல்கள் எனக்குப் பிடிக்காது. கேபிள் போனால் ரீடரே போச்சு. தனியாகக் கழற்ற முடிகிறதை எடுங்கள். கேபிளை மாட்டிவிட்டு விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள், லூசாக ஆடினாலோ லைட் விட்டு விட்டு எரிந்தாலோ வேண்டவே வேண்டாம், செட்டில் யாராவது டேபிளைத் தட்டுவார்கள், கண்டிப்பாகத் தட்டுவார்கள்.

கடைக்குப் போகும்போது, அது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் உங்கள் ஊர் கேமராக் கடையாக இருந்தாலும், உங்கள் கார்டையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். கார்டில் முக்கியமில்லாத டெஸ்ட் ஃபுட்டேஜ் 50 ஜிபி அளவுக்கு எடுத்து வையுங்கள். அதை லேப்டாப்பின் உள் டிரைவுக்கு இழுத்துப் போட்டு ஃபோனில் ஸ்டாப்வாட்ச் ஓட்டுங்கள். 50 ஜிபி 55, 60 நொடியில் இறங்கினால் 10 ஜிபிபிஎஸ் ரீடர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம், உங்கள் கார்டும் அந்த வேகத்துக்குரியதாக இருந்தால். வேகம் பார்க்கும் ஆப்களில் பல கார்டின் மேலேயே எழுதிப் பார்க்கும், ஃபுட்டேஜ் இருக்கும் கார்டில் அதை ஓட்டவே கூடாது.

வாங்கிய பிறகு வீட்டில் ஒரு முறை முழுக் கார்டை நிரப்பி, வழக்கமாக எடுத்துப்போகும் எஸ்எஸ்டியில், சரிபார்ப்போடு இறக்கிப் பாருங்கள். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் முதல் கொஞ்சம் ஜிபி வேகமாக வாங்கிவிட்டு அப்புறம் படுத்துவிடும், கடையில் போட்ட 50 ஜிபி சோதனையில் அது தெரியாது. முழுக் கார்டு இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வைத்துக்கொண்டால், "இந்தக் கார்டு எப்போ திரும்பக் கிடைக்கும்" என்று செட்டில் கேட்கும்போது உங்களால் நிமிடக் கணக்கில் பதில் சொல்ல முடியும்.

முடிந்தால் இரண்டு ரீடர் வாங்குங்கள். ஒன்று 40 ஜிபிபிஎஸ் வாங்கும் பணத்தில் இரண்டு 10 ஜிபிபிஎஸ் வருமென்றால் நான் பெரும்பாலும் இரண்டைத்தான் எடுப்பேன். இரண்டாவதை அதன் கேபிளோடு சுற்றி, கேபிளில் "10 ஜி" என்று வெள்ளை டேப் ஒட்டி, முதல் ரீடர் இருக்கும் பையில் இல்லாமல் வேறு பையில் வையுங்கள்.